கனகம் படித்த பிரெஞ்சு

மாட்டுங்கா, பம்பாய் 19
13-12-64

சிரஞ்சீவி குற்றாலநாதனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் கனகமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும், நெஞ்சில் சளி கட்டாமல் நீயும் சௌகரியமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. ஏர் லெட்டரில் இடம் காணாது என்று மெல்லிசுத் தாள் வாங்கிவரச் சொல்லி இதை எழுதுகிறேன், அவசரமில்லாமல் உட்கார்ந்து படி. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உப்பைக் குறைத்துவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுகிறார். ரேஷன் அரிசி போதவில்லை, ராத்திரி வேளைக்குச் சப்பாத்திக்கு மாறிவிட்டோம், கனகம் வட்டமாக இட்டுவிடுகிறாள், எனக்கு இன்னும் இலங்கைத் தேசப்படம் மாதிரிதான் வருகிறது. செம்பூர்ச் சித்தி வீடு மாறியிருக்கிறாள், புது வீட்டில் காற்று நன்றாக வருகிறது, ஆனால் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும் என்று குறைப்படுகிறாள்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். தீபாவளிக்குப் பிறகு கனகம் ஏன் உனக்குக் கடிதம் போடவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்பது ஒன்று. உங்கள் பெரிய அதிகாரி முசியே பெர்த்தியே பம்பாய் வந்து திரும்பியதிலிருந்து உன்னிடம் வேலையைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை, இங்கே ஏதாவது மரியாதைக் குறைவு நடந்ததா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கல்யாணமாகி நாலு மாதத்தில் கனகத்தை எங்களிடம் விட்டுவிட்டு நீ லியோனுக்குக் கிளம்பினாய். போவதற்கு முன் பிரெஞ்சில் ஒரு வார்த்தை நீ படிக்கவில்லை, பட்டுச் சாய ஆய்வுக்கூடத்தில் இங்கிலீஷ் போதும் என்றாய். போன பிறகு நீ எழுதின கடிதமெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ரொட்டிக் கடையில் விரலைக் காட்டி வாங்கினது, சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் நீயும் சிரித்தது, எழுபதுக்கு அந்த ஊரில் அறுபதும் பத்தும் என்று சொல்வார்களாம், நீ அறுபது என்று காதில் விழுந்ததை மட்டும் வைத்துச் சாயத்தை எடை பார்த்துப் போட்டு ஒரு தொட்டிப் பட்டு வீணானது, எல்லாம் எழுதினாய். அதன் பிறகுதான் சாயங்கால வகுப்பில் சேர்ந்தாய். அந்தச் சமயத்தில்தான், இங்கே பாஷை தெரியாமல் வந்தால் ஊமைக்குச் சமானம், கனகம் எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள், அவள் திணறிப்போவாள், இரண்டு வருஷம் போகட்டும் என்று அப்பாவுக்கு எழுதினாய். அவர் அதைச் சத்தமாகவே வாசித்தார். கனகம் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானம், அத்தே, இந்த ஊர்ல பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், விசாரிப்போம் என்றேன்.

அப்பாவின் ஆபீஸ் பை கைப்பிடி அறுந்து, தைக்கக் கொடுக்கத் தாராவிக்குப் போனோம். அங்கே தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் மன்சூர் அலியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு பழக்கமானவர், மேலப்பாளையத்துக்காரர், நம் ஊர்ப் பேச்சு. பேச்சுவாக்கில் கனகம் அவரிடமும் கேட்டுவைத்தாள். அதுக்கு ஏன் தாயீ ஊரெல்லாம் தேடுதிய, நம்ம வீட்டுக்காரி காரைக்கால்லா, பிரெஞ்சுக்காரன் பள்ளியோடத்துல படிச்சவ என்றார். அப்படித்தான் நூர் நிஷா வந்து சேர்ந்தாள். கனகத்தைவிட இரண்டு வயது கூட இருப்பாள், அவ்வளவுதான். காரைக்காலில் பிரெஞ்சு பேசியே வளர்ந்தவளுக்கு இங்கே வந்து அந்தப் பாஷையில் பேச ஆளில்லை, வாய் மரத்துப்போச்சும்மா என்றாள். வாரத்தில் இரண்டு மத்தியானம் வாருங்கள் என்று அவளே சொன்னாள்.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு படிக்கத் தாராவிக்கா என்றார். பக்கத்து வீட்டு முருகம்மாள் மாமியாள ஏசுததுக்குத் தனியா ஒரு பாஷை படிக்காளோ என்று மாடிப்படியில் வைத்துக் கேட்டாள். அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கனகத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி லேபர் கேம்ப் வழியாக நடந்து போவோம், நான் துணைக்கு. பட்டறைக்குப் பின்னால் ஒரே அறை, தோல் வாசனை முதலில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. டீ குடித்து முடிகிறவரை தமிழ், தம்ளரைக் கீழே வைத்துவிட்டால் நூர் நிஷா தமிழ் பேசமாட்டாள். கனகம் சிலேட்டில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டாள், எழுத்து அப்புறம், முதல்ல வாயைத் திறங்க, தப்பாவே பேசுங்க, தப்புப் பேசாம ஒரு பாஷையும் வராது என்பாள். அவர்கள் ர என்கிற எழுத்தைத் தொண்டைக்குள்ளேயே கரகரவென்று சொல்ல வேண்டுமாம். கனகம் அரைத்துக்கொண்டே அதைச் சொல்லிப் பார்ப்பாள். தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று நான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், அவளும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு அப்புறம் சொன்னாள். பாலுக்கு லே, உப்புக்கு ஸெல், தண்ணீருக்கு வெறும் ஓ தான். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கே நாலு வார்த்தை ஒட்டிக்கொண்டது.

மழைக்காலம் ஒன்று போய் இன்னொன்றும் போயிற்று. மாகிம் பக்கம் தண்ணீர் ஏறின நாட்களைத் தவிர அவள் ஒரு வகுப்பும் விடவில்லை. இந்த வருஷம் சித்திரைக்கு மேல் அவளும் நூர் நிஷாவும் வகுப்பு என்றில்லாமல் சும்மாவே பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், எனக்கு ஒன்றும் புரியாது, கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு எழுதலாமே என்று கேட்டதற்கு, வேண்டாம் அத்தே, எதிர்ல நின்னு பேசிக் காட்டுதேன், அவங்க முகத்தைப் பாக்கணும் என்றாள். அதனால்தான் இதுவரை நான் எழுதவில்லை, அப்பாவையும் எழுதவிடவில்லை.

இனி முசியே வந்த கதை. ஹோட்டலில் போய்ப் பார்த்து ஊறுகாய்ப் பொட்டலத்தை மட்டும் கொடுங்கள், வீட்டுக்கு அழைக்க வேண்டாம், வீடு சின்னது, அவருக்குக் காரம் ஆகாது என்று நீ எழுதியிருந்தாய். உன் அப்பாவைத் தெரியாதா. மகனுக்கு வேலை கொடுத்தவர் ஊர் தேடி வந்திருக்கிறார், ஒரு வாய் சாப்பிடாமல் போவதா என்று ஞாயிற்றுக்கிழமை டாக்சியில் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார், கீழே உட்கார முடியாமல் முழங்கால் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றது, அப்பா மேஜையை இழுத்துப் போட்டார். அப்பாவின் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை, அவர் இங்கிலீஷ் அப்பாவுக்குப் புரியவில்லை, இரண்டு பேரும் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நான் காரமே போடவில்லை, ஆனாலும் மிளகு ரசத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது, கண்ணில் தண்ணீர். கனகம் உள்ளேயிருந்து தயிர்த் தம்ளரோடு வந்து, தண்ணீர் வேண்டாம், முதலில் தயிர் சாப்பிடுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். எங்கே படித்தாய் என்று கேட்டிருக்கிறார், பக்கத்தில்தான் என்றாளாம். அப்புறம் அவர் பேசப் பேசக் கனகம் நின்றபடியே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். உன் வேலை சுத்தமாக இருக்கிறதாம், பட்டுக்குச் சிவப்பு ஏற்றுவதில் உனக்கு நிகர் அங்கே இல்லையாம், இப்போது பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறாயாம். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் இன்னும் ஏதோ சொன்னார், சிரித்துக்கொண்டே நீளமாகச் சொன்னார். கனகம் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவரிடம் ரொம்பச் சின்னதாக ஒன்று சொன்னாள், அதில் ஸா ஃபாம் என்ற கடைசி இரண்டு வார்த்தை என் காதில் விழுந்தது. பெண்ணுக்கும் பெண்டாட்டிக்கும் அந்தப் பாஷையில் ஒரே சொல், ஃபாம். அப்படியானால் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று ஒரு நாள் நான் நூர் நிஷாவிடம் கேட்டிருந்தேன், யாரோடதுன்னு முன்னால ஒரு எழுத்து சேர்த்தா பெண்டாட்டிம்மா, ஸா ஃபாம்னா அவரோட பெண்டாட்டி என்றாள். அதனால் கனகம் சொன்னது எனக்குப் புரிந்தது, எதற்காகச் சொன்னாள் என்பதுதான் புரியவில்லை. முசியே முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படத்தைத் திரும்பிப் பார்த்தார், எழுந்து கிட்டப் போயும் பார்த்தார். என்னம்மா சொல்லுதார் என்று அப்பா கேட்டார். அந்த ஊர்க் குளிரைப் பத்திச் சொல்லுதார் மாமா என்றாள் கனகம்.

மறுநாள் அப்பா ஆபீஸ் போன பிறகு என்னிடம் சொன்னாள். அவர் அவளை உன் தங்கை என்று நினைத்துவிட்டார். உங்கள் அண்ணன் இவ்வளவு நன்றாகப் பேசுவதற்கு மத்மொசேல், அதாவது குமாரி, கிளேர்தான் காரணம், சாயங்கால வகுப்பு ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பார்க்கலாம், கல்யாணம் எப்போது என்று நாங்கள் எல்லோரும் கேட்டபடி இருக்கிறோம், உங்கள் அண்ணன் சிரிக்கிறாரே தவிர இல்லை என்று சொல்வதில்லை, அந்தப் பெண் இங்கே வந்தால் உங்களுக்குப் பேச்சுத் துணை ஆயிற்று என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். நான் அவர் தங்கையில்லை, அவர் மனைவி என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். இவ்வளவையும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டேதான் சொன்னாள், என் முன்னால் அழவில்லை. தனியாக அழுதிருப்பாள், நான் கேட்கவில்லை. வேறு யாருக்கும் விளங்காத ஒன்றை இந்த வீட்டில் அவள் ஒருத்தி நின்று கேட்டிருக்கிறாள், படிக்காமல் இருந்திருந்தால் அவளும் எங்களைப் போலத் தலையாட்டிச் சிரித்திருப்பாள். படித்ததற்கு இதுவா என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். ரத்தக் கொதிப்புக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், சொல்லாமல் வைத்திருப்பது அதைவிடக் கெடுதல் என்று பட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றார். அந்த வாரம் வகுப்புக்குப் போனபோது நூர் நிஷா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, இவ்வளவு நாளும் கடைக்குப் போற பேச்சு, ஸ்டேஷன் பேச்சு படிச்சோம், இனிமே வீட்டுக்குள்ள பேசுற பேச்சு படிப்போம் என்றாள். அதோடு சரி, அவள் அழவுமில்லை, உன்னைப் பழிக்கவுமில்லை. அன்றைக்குத் தம்ளரைக் கீழே வைத்த பிறகு இரண்டு பேரும் பேசினதில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரிந்த வார்த்தையாக இல்லை.

நான் கனகத்திடம் பட்டவர்த்தனமாகக் கேட்டேன். அம்பாசமுத்திரத்துக்குப் போய் உன் அண்ணன்மாரோடு இருக்கிறாயா, நானே கொண்டுபோய் விடுகிறேன், இல்லை இங்கேயே என்னோடு இரு, இது உன் வீடு, அவன் வந்தாலும் வராவிட்டாலும் உன் வீடுதான் என்றேன். அதற்கு அவள், போய்ப் பாத்துட்டுதான் அத்தே முடிவு பண்ணணும், இங்க இருந்துக்கிட்டு முடிவு பண்ணுனா அது அவங்க பண்ணுன முடிவாப் போயிரும் என்றாள். முசியே ஆமதாபாத் மில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி இரண்டு நாள் பம்பாயில் இருந்தார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்க் கனகமே அவரிடம் கேட்டாள், விசாவுக்கு ஒரு அழைப்புக் கடிதம் வேண்டும், நீங்கள் தர முடியுமா என்று. அவர் அங்கேயே எழுதிக் கொடுத்தார், மறுநாள் தூதரகத்துக்கும் கூடவே வந்தார். அங்கேயும் கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாளாம், தான் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்ததாக அப்பா வந்து சொன்னார். இதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் பேச வேண்டாம் என்று முசியேயிடம் கேட்டுக்கொண்டதும் அவள்தான். அவர் வாக்கைக் காப்பாற்றுகிறார், அவர்மேல் வருத்தப்படாதே.

பாஸ்போர்ட், விசா எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பொங்கல் கழிந்து ஜனவரி பதினெட்டாம் தேதி பல்லார்ட் பியரிலிருந்து கப்பல், ஏடன், சூயஸ் வழியாக மார்சேல் துறைமுகம். அப்பா லீவு போட்டுத் தானே கப்பல் ஏஜெண்டிடம் போய் டிக்கட் எடுத்தார், திரும்பி வருகிற டிக்கட்டும் சேர்த்தே எடுத்திருக்கிறார். கனகத்திடம் கொடுக்கும்போது, இது உனக்குத் தேவைப்படாட்டா எனக்குச் சந்தோஷம், தேவைப்பட்டா யாரையும் கேக்காம ஏறி வந்துரு தாயீ என்றார். மார்சேலில் நூர் நிஷாவின் அண்ணன் உதுமான் பிரெஞ்சுக் குடியுரிமையோடு குடும்பமாக இருக்கிறார், அவர் மனைவி ஷரீஃபுன்னிசா துறைமுகத்துக்கு வருவாள். நீ வந்தாலும் வருவாள், வராவிட்டாலும் வருவாள்.

உன்னைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. முன்பின் தெரியாத ஊரில் வாய் பேச முடியாமல் இருந்தவனுக்கு ஒருத்தி பேசச் சொல்லிக் கொடுத்தாள், அவள்மேல் உனக்கு நன்றி இருப்பதில் எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. நன்றிக்கு மேல் என்ன என்பது உனக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு காரியம் செய். கனகம் கப்பலேறுவதற்கு முன் நீயே போய் அந்தப் பெண்ணிடம் உனக்குக் கல்யாணமானதைச் சொல்லிவிடு. முசியே வீட்டார் சொல்லியோ, கனகத்தை லியோன் ஸ்டேஷனில் பார்த்தோ அவள் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே. அவளும் ஒரு வீட்டில் பெற்று வளர்த்த பெண்தான், அவள் அம்மா இப்படி ஒரு கடிதம் எழுத உட்காரும்படி ஆகக் கூடாது. இது உன் அப்பாவுக்காகவோ கனகத்துக்காகவோ சொல்வதல்ல, எனக்குத் தோன்றினதைச் சொல்கிறேன்.

கனகம் கொண்டுவருவது ஒரு பெட்டிதான். பருப்புப் பொடி, நார்த்தங்காய், உனக்கு இரண்டு வேட்டி வைத்திருக்கிறேன். கம்பளிச் சட்டை ஒன்று முருகம்மாள் பின்னிக் கொடுத்தாள், அதுவே அந்தக் குளிருக்குக் காணாது என்று முசியே சொல்லியிருக்கிறார். ஆகவே துறைமுகத்துக்கு வரும்போது நல்ல கோட்டு ஒன்றும் காலுறையும் வாங்கிக்கொண்டு வா, மறக்காதே. அவள் உயரம் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, உன் தோளுக்கு வருவாள்.

இப்படி எழுதப்போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். எழுத வேண்டாம் என்றாள் முதலில். அடுப்பில் பால் பொங்குகிற வரைக்கும் யோசித்துவிட்டு, சரி எழுதுங்க, ஆனா நான் போய் என்ன கேப்பேன்னு மட்டும் எழுதிராதீங்க என்றாள். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. எந்தப் பாஷையில் கேட்பாள் என்பது எனக்கே தெரியாது. எதில் கேட்டாலும் நீ பதிலைத் தமிழில் சொல்லு, ஒளிந்துகொள்ள உனக்கு அதில் இடம் கிடையாது.

நீ திடமான உடம்போடும் நேரான பேச்சோடும் இருக்க உன் அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். கப்பல் மார்சேல் வந்து சேரும் தேதியைக் கம்பெனி ஆபீஸில் விசாரித்து வைத்துக்கொள், புயல் காற்று என்றால் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமதியம்மாள்